வன்னியின் புழுதிக்கும் மாரிக்கும் தாங்கும் மோட்டார் சைக்கிள் சப்பாத்து: தெரிவும் பராமரிப்பும்

ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் நோக்கிச் செல்லும் வீதியில், ஐப்பசி மழை தொடங்கியிருந்த ஒரு காலைப்பொழுதில், என் இடது சப்பாத்தின் அடி முழுவதுமாகக் கழன்று விழுந்தது. கியரை மாற்றக் காலை அசைத்தபோது பாதத்தின் கீழே ஏதோ நழுவியது. வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தபோது அது நனைந்த தாரின் மேல் கிடந்தது. சுவிற்சர்லாந்தில் இருக்கும் உறவினர் ஒருவர் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து தந்த, மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கென்றே செய்யப்பட்ட சப்பாத்து அது. நல்ல பொருளை நாளாந்தப் பாவனையில் பழுதாக்கிவிடக் கூடாது என்று எண்ணி நான்கு ஆண்டுகள் பெட்டியோடு அலுமாரியில் வைத்திருந்துவிட்டு, வெளியே எடுத்து இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. கழன்ற அடியை எடுத்து விரலால் அழுத்தினேன். தேநீரில் ஊறிய பிஸ்கற்றைப்போல உதிர்ந்தது.

வவுனியா பஸ் நிலையத்தின் பக்கமாக இருந்து சப்பாத்துத் தைக்கும் முதியவர் ஒருவரிடம் இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் தோலை மடித்துப் பார்த்தார். தையலை நகத்தால் இழுத்துப் பார்த்தார். "தம்பி, தோல் இன்னும் பத்து வருசம் பாவிக்கலாம். அடிதான் பெட்டிக்குள்ளயே செத்துப்போச்சு" என்றார். அதுவரை நான் ஒரு சப்பாத்தைத் தோலின் தடிப்பைக் கொண்டும் கணுக்கால் கவசத்தைக் கொண்டும் மட்டுமே மதித்து வந்தேன். வெளிக்கள வேலைக்காக ஆண்டு முழுவதும் வன்னியின் வீதிகளில் ஓடும் ஒருவர் முதலில் பார்க்க வேண்டியது அடியையும், நனைந்தால் அது எவ்வளவு விரைவில் உலரும் என்பதையும்தான் என்பதை அதன்பிறகே விளங்கிக்கொண்டேன். கவசம் வேண்டாம் என்று நான் கூறவில்லை. எவ்வளவு கவசம் இருந்தாலும், வெக்கையிலும் ஈரத்திலும் கால் அதற்குள் இருக்க மறுத்தால் மூன்றாம் நாளே நாம் செருப்புக்குத் திரும்பிவிடுகிறோம். செருப்போடு விழுந்தவரின் கால் எப்படி இருக்கும் என்பதை இங்கு பலரும் கண்டிருக்கிறோம்.

இலங்கையில் தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். பாதத்துக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லாதபடியால் அந்தத் தீர்மானம் முழுவதும் ஓட்டுபவரின் கையில் விடப்பட்டிருக்கிறது. நூறு கிலோவுக்கும் மேற்பட்ட வண்டி பக்கவாட்டில் சரியும்போது அதற்கும் வீதிக்கும் இடையில் முதலில் அகப்படுவது கணுக்கால். கிரவல் வீதியில் வேகமாகப் போகும்போது மட்டும் இது நிகழ்வதில்லை. வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பும்போதும் நிகழும். சூடான சைலன்சர் சுட்ட வடு வலது கெண்டைக்காலில் இல்லாத வன்னிக் குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதே கடினம்.

இந்த நிலம் சப்பாத்துக்குச் செய்வது

வெளிநாட்டுக் குளிருக்கும் காப்பெற் வீதிக்கும் எழுதப்பட்ட அறிவுரைகள் இங்கு பாதிதான் பொருந்தும். வன்னி உலர் வலயத்தைச் சேர்ந்தது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் செம்மண் புழுதி மாவைப்போல நுண்மையாகத் தோலின் மடிப்புகளுக்குள்ளும் தையல் துளைகளுக்குள்ளும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கால் மடங்கும் ஒவ்வொரு முறையும் அந்த மண் அரத்தாள்போல உள்ளிருந்து நூலை அராவுகிறது. ஐப்பசி பிறந்ததும் நிலைமை தலைகீழாகிறது: தை மாதம் வரை நாளுக்கு நாள் நனைவு, சேறு, காற்றில் ஈரம், பூஞ்சணம். பரந்தன் வீதியால் வந்து வட்டுவாகல் பாலத்தைக் கடந்து முல்லைத்தீவுக்குப் போகிறவர்களுக்கும் ஆனையிறவைக் கடந்து யாழ்ப்பாணம் போய் வருகிறவர்களுக்கும் இவற்றோடு உப்பும் சேர்கிறது. உப்பு தோலின் எண்ணெய்ப்பசையை இழுத்தெடுத்து அதை வெடிக்கச் செய்வதோடு, கொளுக்கிகளையும் சிப்பையும் துருப்பிடிக்க வைக்கிறது.

ஆகவே ஒரே சப்பாத்து எட்டு மாதம் வெக்கையையும் புழுதியையும், நான்கு மாதம் நீரையும் தாங்க வேண்டியிருக்கிறது. கீழே சொல்லும் ஒவ்வொரு தெரிவும் இந்தக் கணக்கிலிருந்தே வருகிறது.

கடையில் கையால் செய்யக்கூடிய சோதனைகள்

ஐரோப்பாவில் மோட்டார் சைக்கிள் சப்பாத்துகளுக்கென ஈ.என். 13634 என்ற தரநிர்ணயம் உண்டு. அதில் தேறிய சப்பாத்தின் உட்புறத் துண்டில் வண்டியோட்டி ஒருவரின் சிறு உருவமும், அதன் கீழ் இலக்கங்களும் அச்சிடப்பட்டிருக்கும். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி நான்கு இலக்கங்கள்: மேற்பகுதியின் உயரம், உராய்வைத் தாங்கும் திறன், வெட்டைத் தாங்கும் திறன், பக்கவாட்டில் நசுங்காத விறைப்பு என்ற ஒழுங்கில் ஒவ்வொன்றுக்கும் 1 அல்லது 2 இடப்பட்டிருக்கும்; 2 என்பதே உயர்ந்தது. ஐ.பி.ஏ. என்ற எழுத்துகள் இருந்தால் கணுக்காலில் மோதலைத் தாங்கும் பகுதியும், ஐ.பி.எஸ். என்றிருந்தால் முன்னங்கால் எலும்புக்கான பகுதியும் தனியே சோதிக்கப்பட்டவை. டபிள்யூ.ஆர். என்பது நீர் புகாமையைக் குறிக்கும். எழுத்துகள் எதுவுமின்றி இலக்கங்கள் மட்டும் இருந்தால், கணுக்காலில் தடித்த பஞ்சு தெரிந்தாலும் அது அலங்காரமாக இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் ஒருவர் வாங்கி வருவதாக இருந்தால் இந்த அடையாளத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். குளிர்காலத்துக்கான உட்கம்பளி வைத்ததை அன்பின் மிகுதியால் வாங்கிவிடுவார்கள். அதை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

அடையாளம் எதுவும் இல்லாத சப்பாத்தைக் கையால் மதிப்பிட மூன்று சோதனைகள் போதும். முதலாவது, பாதத்தின் அகலமான பகுதியில் அடியின் இரு ஓரங்களையும் உள்ளங்கைகளால் அழுத்துங்கள். ஒன்றையொன்று நோக்கி எளிதில் மடிந்தால் வண்டியின் பாரத்தின் கீழும் அப்படியே மடியும். இரண்டாவது, குதியை ஒரு கையிலும் நுனியை மறு கையிலும் பிடித்து ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். சற்று முறுகித் திரும்ப வேண்டுமேயன்றிச் சுருண்டுவிடக் கூடாது. மூன்றாவது, கணுக்கால் எலும்பு வரும் இரு பக்கத்திலும் பெருவிரலால் குத்துங்கள். உட்புறமும் வெளிப்புறமும் கிண்ணம்போன்ற ஒரு கெட்டிப் பகுதி தட்டுப்பட வேண்டும். வெளிப்புறத்தில் மட்டும் வைத்து உட்புறத்தை வெறுமையாக விட்ட சப்பாத்துகள் உண்டு; வண்டியின் இயந்திரப் பக்கம் இருப்பது உட்புறக் கணுக்கால்தான்.

மேற்பகுதி முழுத்தோலாக இருப்பதே என் தெரிவு. ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள முழுத்தோல் வீதியில் உராயும்போது தாங்கும், காற்றும் ஓரளவு போய்வரும், பழுதானால் திரும்பத் தைக்கவும் முடியும். மேலே பளபளப்பான பூச்சிட்ட ரெக்சின் இவற்றில் எதையும் செய்யாது. வேறுபாட்டை அறிய வெட்டுவிளிம்பைப் பாருங்கள்: தோலின் விளிம்பில் நார்கள் தெரியும், ரெக்சினின் விளிம்பில் துணிப் படலம் தெரியும். தையல் இரட்டை வரிசையாகவும், நூல் நைலோன் அல்லது பொலியெஸ்ரராகவும் இருக்க வேண்டும். பருத்தி நூல் ஒரு மாரியிலேயே உக்கத் தொடங்கிவிடும். பூட்டும் வகையில் கொளுக்கியையோ, மேலே வெல்க்ரோ மூடி உள்ள நாடாவையோ நான் விரும்புகிறேன். சிப் அணிவதற்கு இலகுவானது, ஆனால் செம்புழுதி அதன் பற்களைத் தின்றுவிடும். சிப் உள்ளதையே வாங்கினால் மாதம் ஒருமுறை பழைய பற்தூரிகையால் துடைத்து, மெழுகுதிரித் துண்டை அதன்மேல் தேய்த்துவிடுங்கள். எண்ணெய் இட்டால் அது புழுதியைக் கூட்டி வைத்துக்கொள்ளும்.

மோட்டார் சைக்கிளுக்கென்று செய்தவை கிடைக்காதபோதோ விலை எட்டாதபோதோ பலர் கட்டட வேலைத் தளங்களில் அணியும் பாதுகாப்புச் சப்பாத்தை வாங்குகிறார்கள். செருப்போடு ஒப்பிட்டால் அது பல மடங்கு மேலானது; வாங்கியவரை நான் ஒருபோதும் தடுத்ததில்லை. அதன் விரல் மூடி ஐ.எஸ்.ஓ. 20345 தரத்தின்படி 200 ஜூல் சக்தியுள்ள மோதலைத் தாங்க வேண்டும், அடியும் பெரும்பாலும் நல்லது. குறை கணுக்காலில் இருக்கிறது: உயரமான வகையில்கூட அங்கு இருப்பது பெரும்பாலும் வெறும் மெத்தைதான். தாழ்ந்த வகையை வண்டிக்காக வாங்குவதில் பயனில்லை. வயலுக்குப் போடும் நீளமான இறப்பர் பூட்ஸ் எலிக்காய்ச்சலுக்கும் சேற்றுக்கும் எதிராக அவசியமானது. ஆனால் விழும்போது காலைவிட்டுக் கழன்று போகும், சைலன்சரில் பட்டால் உருகும். வயல்வரை அதைப் பையில் கொண்டுபோய் வரம்பில் வைத்து மாற்றிக்கொள்வதே சரி.

அடி

சப்பாத்தின் அடி பொதுவாக இரண்டு தட்டுகளாக இருக்கும். வீதியைத் தொடுவது வெளித்தட்டு. அதற்கும் பாதத்துக்கும் இடையில் அதிர்வை வாங்கிக்கொள்வது நடுத்தட்டு. வெளித்தட்டு இறப்பராக இருந்தால் ஈரத்தில் பிடிக்கும், சூட்டை ஓரளவு தாங்கும். நடுத்தட்டு பெரும்பாலும் பொலியூரத்தேன் என்ற நுரைப்பொருள். பாரம் குறைந்தது, மெத்தென்றது, புதிதாக இருக்கையில் நாள் முழுவதும் நின்றாலும் குதி வலிக்காது. கடையில் போட்டு நடந்து பார்ப்பவரை மயக்குவது இதுவே.

அதன் பகை ஈரம். காற்றிலுள்ள நீராவியே பொலியூரத்தேனின் மூலக்கூற்றுப் பிணைப்புகளை மெதுவாக அறுக்கிறது. வெப்பம் கூடினால் அந்த வேலை விரைவாகிறது. எஸ்தர் வகையைச் சேர்ந்த பொலியூரத்தேனில் இது கூடுதலாகவும், ஈதர் வகையில் குறைவாகவும் நடக்கும். வெளியில் எதுவும் தெரியாமல் உள்ளே நடக்கும் காரியம் இது. அணிந்தாலும் நடக்கும், அணியாமல் பெட்டியில் வைத்தாலும் நடக்கும். பொலித்தீன் பையில் சுற்றி மூடிவைத்தால் உள்ளே அகப்பட்ட ஈரம் வெளியேற வழியில்லாமல் நிலைமை மோசமாகும். குளிர்நாட்டில் பல ஆண்டு தாங்கும் அடி எங்கள் வெக்கையிலும் மாரியிலும் அதைவிட முன்னதாகவே உதிர்வது இதனால்தான். என் அலுமாரியில் நான்கு ஆண்டு இருந்தது சேமிப்பு என்று நினைத்தேன். உண்மையில் ஒவ்வொரு மாரியும் அதை அரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

எனவே வாங்கும்போது செய்ய வேண்டியவை சில. உற்பத்தித் திகதியைப் பாருங்கள்; பல சப்பாத்துகளின் நாக்கின் உட்புறத்திலோ அடியிலோ மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். இரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட பழைய இருப்பைத் தள்ளுபடி விலைக்குத் தந்தாலும் நான் வாங்குவதில்லை. நடுத்தட்டின் பக்கவாட்டை நகத்தால் அழுத்துங்கள்: உடனே மீள வேண்டும். நகத்தடம் அப்படியே நின்றாலோ, மயிரிழைபோன்ற வெடிப்புகள் தெரிந்தாலோ, தொட்டால் பிசுபிசுத்தாலோ அந்தச் சோடியை இறாக்கையில் திருப்பி வைத்துவிடுங்கள். நடுத்தட்டும் இறப்பராகவே உள்ள சப்பாத்து கிடைத்தால் சற்றுப் பாரமாக இருந்தாலும் அதையே எடுங்கள். முதல் கிழமை கால் சற்றுக் களைக்கும், பிறகு அந்தப் பாரம் நினைவிலேயே இருக்காது.

அடி மேற்பகுதியோடு எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்பதும் இதேயளவு முக்கியம். ஒட்டுப்பசையால் மட்டும் இணைக்கப்பட்டவையே சந்தையில் அதிகம். அடியைச் சுற்றி ஒரு தோற்பட்டி வைத்து அதனோடு தைத்த வகையை அமெரிக்கரான குட்இயரின் பெயரால் அழைப்பார்கள். அதில் அடி தேய்ந்தால் தையலை அறுத்துப் புதிய அடி போடலாம். விலை கூடியது, ஆனால் ஒருமுறை வாங்கி இரண்டு மூன்று அடிகளோடு பாவிக்கலாம் என்று கணக்கிட்டால் வேறு விதமாகத் தெரியும்.

ஒட்டியதை வாங்கினால் வீட்டுக்குப் போகும் வழியிலேயே தைப்பவரிடம் கொடுத்து ஓரத்தையல் போட்டுவிடுங்கள். எங்கள் ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளின் சப்பாத்துக்குச் செய்கிற வேலைதான் இது. மெழுகு பூசிய தடித்த நைலோன் நூலால் அடியின் விளிம்பையும் மேற்பகுதியையும் சேர்த்துத் தைப்பார்கள். பசை விட்டுப்போனாலும் அடி வீதியில் விழாது. ஒரேயொரு எச்சரிக்கை: கோர்-ரெக்ஸ் போன்ற நீர் புகாத உட்படலம் வைத்த சப்பாத்துக்கு ஓரத்தையல் போடாதீர்கள். ஊசி அந்தப் படலத்தைத் துளைத்துவிட்டால் அதற்காகக் கொடுத்த பணம் அந்தத் துளைகளாலேயே ஒழுகிவிடும்.

அளவு

பகலெல்லாம் வண்டியில் காலைத் தொங்கவைத்து இருந்தபின் பாதம் சற்று வீங்கியிருக்கும். ஆகவே அளவு பார்ப்பது பின்னேரத்தில், வண்டி ஓடும்போது அணியப்போகும் அதே காலுறையோடு இருக்க வேண்டும். வெள்ளைத் தாளில் நின்று இரு பாதங்களையும் பென்சிலால் சுற்றி வரைந்து, குதியிலிருந்து நீளமான விரலின் நுனிவரை சென்ரிமீற்றரில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானோருக்கு ஒரு கால் சற்றுப் பெரிதாக இருக்கும். பெரிய காலுக்கே வாங்க வேண்டும். இலக்கத்தை மட்டும் நம்பக் கூடாது, ஏனெனில் ஒரு நிறுவனத்தின் 42 இன்னொரு நிறுவனத்தின் 41க்குச் சமமாக இருப்பது வழமை. வெளிநாட்டிலிருந்து தருவிப்பவர்கள் சென்ரிமீற்றர் அளவையே கொடுக்கட்டும்.

அணிந்ததும் எழுந்து நின்று, பெருவிரலின் முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். குதியூன்றி நடக்கும்போது குதி உள்ளே சிறிதும் எழக் கூடாது. எழுந்தால் கொப்புளம் உறுதி. பாதத்தின் அகலமான இடம் பக்கவாட்டில் நெருக்கினால் "போடப் போட இளகும்" என்று கடைக்காரர் சொல்வார். தோல் அகலத்தில் சற்று இளகும் என்பது உண்மை, நீளத்தில் ஒருபோதும் இளகாது. கெட்டி விரல் மூடி உள்ள சப்பாத்து எந்தப் பக்கமும் இளகாது. பிறகு குந்தியிருந்து பாருங்கள். வயல் வரம்பில் குந்துவது எங்கள் வேலையின் பகுதி. அப்போது மேல்விளிம்பு கெண்டைக்காலை வெட்டினால் அந்த உயரம் உங்களுக்குரியதல்ல.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை கடைக்கு வெளியே நிற்கும் உங்கள் சொந்த வண்டியில் இருக்கிறது. கடைக்காரர் அனுமதித்தால் ஏறி உட்கார்ந்து கியரையும் பிறேக்கையும் மிதித்துப் பாருங்கள்.

பஜாஜ் சீ.ரீ. 100 போன்ற, நான்கு கியரும் முன்மிதியைக் கீழே அழுத்தினால் விழுகிற வண்டிகளில், பாதம் முன்மிதிக்கும் பின்மிதிக்கும் நடுவில் இருக்கும். அங்கு விரற்பகுதியின் தடிப்பு ஒரு தடையல்ல. குதி நீண்டு தடித்திருந்தால்தான் அது பின்மிதியைத் தெரியாமல் அழுத்தி, ஓடிக்கொண்டிருக்கும்போதே கியரைக் குறைத்துவிடும். ஒற்றை மிதியை விரலால் கீழிருந்து மேலே தூக்கும் வண்டிகளில் நிலைமை மறுபக்கம்: தடித்த விரற்பகுதி மிதியின் கீழே நுழையாது. இதற்காகச் சப்பாத்தைக் குறைசொல்ல வேண்டியதில்லை. மிதி பொருந்தியிருக்கும் தண்டில் சிறு பற்கள் இருக்கின்றன. ஆணியைத் தளர்த்தி மிதியைக் கழற்றி, ஒரு பல் மேலே வைத்து மீண்டும் இறுக்கினால் போதும். எந்த மெக்கானிக்கும் சில நிமிடத்தில் செய்து தருவார். இரண்டு பக்க மிதி ஒரே துண்டாக உள்ள வண்டியில் மட்டும் முன்பக்கம் உயர்ந்தால் பின்பக்கம் தாழும் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

நாடா உள்ள சப்பாத்தில் முடிச்சின் மிகுதியை உள்ளே செருகாமல் ஒருபோதும் வண்டியை எடுக்காதீர்கள். அது கியர் மிதியிலோ புட்றெஸ்ற்றிலோ சுற்றிக்கொண்டால், நிறுத்திக் காலை ஊன்ற வேண்டிய வேளையில் கால் வராது.

நீர் புகாததா, விரைவில் உலர்வதா?

நீர் புகாத உட்படலம் உள்ள சப்பாத்து மழையில் அருமையானது. அதே படலம் சித்திரை வெயிலில் வியர்வை வெளியேறும் வேகத்தைக் குறைக்கிறது. மேலும் முழங்கால்வழியே ஒழுகும் மழைநீரோ, மதகைக் கடக்கும்போது மேல்விளிம்பால் புகும் நீரோ உள்ளே போனபின் அது வெளியே வருவதும் இல்லை. ஒருமுறை நிறைந்தால் இரண்டு நாளுக்கு உலராது. எட்டு மாதத்தின் சுகத்தை நான்கு மாதத்துக்காக விட்டுக்கொடுப்பது எனக்குச் சரியாகப்படவில்லை. படலமில்லாத தோல் சப்பாத்தை வாங்கி, மாரியில் மழைக்காற்சட்டையைச் சப்பாத்துக்கு வெளியே விழும்படி அணிவதே என் வழி. காற்சட்டையைச் சப்பாத்துக்குள் செருகினால் துணி திரியாக மாறி நீரை உள்ளே இறக்கும். நாளாந்தம் ஏ-9 வீதியில் மட்டும் ஓடி அலுவலகத்தில் உட்காருபவர் படலமுள்ளதை வாங்கலாம். முத்தையன்கட்டுக்கும் நெடுங்கேணிக்கும் உள்வீதியால் போகிறவர் விரைவில் உலர்வதையே தேடட்டும்.

பழக்குதலும் காலுறையும்

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகும் நாளில் புதிய சப்பாத்தை முதன்முதலாகப் போட்டுக்கொண்டு போனவர் எவரும் அதை மறப்பதில்லை. முதல் கிழமை வீட்டில் பின்னேரம் ஒரு மணி நேரம் அணியுங்கள். அடுத்த கிழமை சந்தைவரை, அதன்பிறகு முழுநாள். ஓரிடம் மட்டும் உறுத்தினால் அந்த இடத்தின் உட்புறத்தில் தோலை இளக்கப் பூசும் மெழுகுக் களிம்பான தோற்பசை தடவி, இரட்டைக் காலுறையோடு சிறிது நேரம் அணிந்து நடக்கலாம். அல்லது தைப்பவரிடம் கொடுத்து அந்த இடத்தை மட்டும் அச்சால் தட்டி விரிக்கச் சொல்லலாம். சுடுநீரில் ஊறவைத்துப் பழக்குவது தோலைக் கொல்லும் வழி.

பருத்திக் காலுறை குளிர்ச்சியானது என்ற எண்ணம் இங்கு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பருத்தி வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். நனைந்த துணி தோலை உரசும். கொப்புளமும் சேற்றுப்புண்ணும் அங்கிருந்தே தொடங்கும். நைலோன் அல்லது பொலியெஸ்ரர் கலந்த விளையாட்டுக் காலுறை, சப்பாத்தின் மேல்விளிம்பைவிட உயரமானதாக, பையில் எப்போதும் ஒரு சோடி கூடுதலாக இருக்கட்டும். நீரிழிவு உள்ளவர்கள் சப்பாத்தைக் கழற்றியதும் விரலிடுக்குகளையும் குதியையும் நாள்தோறும் பார்க்க வேண்டும். உணர்ச்சி குறைந்த பாதத்தில் சிறு கொப்புளம் வலிக்காமலே பெரும் புண்ணாகிவிடும்.

உலர்த்துதல்

நனைந்து வீடு திரும்பிய இரவு சப்பாத்துக்குச் செய்யும் அரைமணி நேர வேலைதான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. சேறு காயுமுன் ஈரத்துணியால் துடையுங்கள். உப்புநீர் பட்டிருந்தால் நல்ல நீரால் ஒருமுறை கழுவிவிடுங்கள். பாதத்தின் கீழ் இருக்கும் உள்விரிப்பான இன்சோலை வெளியே எடுத்துத் தனியே வையுங்கள். உள்ளே பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி நுனிவரை அடைத்து, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். படுக்கப்போகுமுன் கடைசியாக ஒருமுறை மாற்றி, சப்பாத்தைப் பக்கவாட்டில் சாய்த்து மின்விசிறியின் காற்றுப்படும் இடத்தில் விடுங்கள்.

அடுப்படியில் வைக்காதீர்கள். தகரக் கூரையின் மேலும், வெயிலில் காய்ந்த சீமெந்துத் திண்ணையிலும், சூடான என்ஜினின் பக்கத்திலும் வைக்காதீர்கள். ஈரத்தோலின் நார்கள் சூட்டில் சுருங்கி விறைக்கும், பிறகு மடிப்பில் வெடிக்கும்; அடியைப் பிடித்திருக்கும் பசையும் இளகும். நிழலும் காற்றும் போதும். முற்றாக உலர ஒன்றிரண்டு நாள் எடுப்பதால், இயன்றவர்கள் மாரிக்கு மலிவான இரண்டாவது சோடி ஒன்றை வைத்துக்கொள்வது இரண்டின் ஆயுளையும் நீட்டும்.

வெளியே வைத்த சப்பாத்தை விடியற்காலையில் போடுமுன் தலைகீழாகத் தட்டுங்கள். தேளும் பூரானும் ஈரக்காலத்தில் உலர்ந்த பொந்தைத்தான் தேடும். சிறு பாம்புகூட ஏறியிருக்கலாம். கையை உள்ளே விட்டுப் பார்க்காமல் நிலத்தில் தட்டியே பாருங்கள்.

தேங்காய் எண்ணெய் பூசும் வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அம்மாமார் கையால் கிடைத்த வைத்தியம் என்பதால் அதை விட மனம் வராது. உண்மையில் அது தோலை இளக்கவும் செய்கிறது. ஆனால் சில கிழமைகளில் காறல் மணம் வரும், செம்புழுதி அதில் ஒட்டும், மாரியில் பூஞ்சணத்துக்கு உணவாகும். தேன்மெழுகு கலந்த தோற்பசையை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, நன்கு துடைத்து உலர்ந்த தோலில், மெல்லியதாகத் தேய்த்தால் போதும். மடிப்புகளிலும் தையல் வரிசையிலும் சற்றுக் கூடுதலாகத் தேயுங்கள். பூஞ்சணம் பிடித்துவிட்டால் வெள்ளை வினாகிரியையும் நீரையும் சம அளவில் கலந்து, வீட்டுக்கு வெளியே வைத்துத் துடைத்து, நிழலில் உலரவிட்டுப் பின்னர் தோற்பசை பூசுங்கள்.

பழுது பார்ப்பதும் கைவிடுவதும்

இடது சப்பாத்தின் விரல்மேற் பகுதி கியர் மிதியால் முதலில் தேயும். புதிதாக இருக்கும்போதே பழைய ரியூப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி அந்த இடத்தில் தைப்பித்தால், அல்லது மிதியின் மேலேயே ஒரு ரியூப் வளையத்தை ஏற்றிவிட்டால், தோல் தப்பும். அடியின் ஓரம் வாய்பிளக்கத் தொடங்கும்போது சூப்பர் குளூவை ஊற்றாதீர்கள். அது கண்ணாடிபோல் இறுகி, மடியும் இடத்தில் உடைந்துவிடும். இரு முகங்களையும் அரத்தாளால் தேய்த்துத் துடைத்து, சப்பாத்துக்குரிய ஒட்டுப்பசையை இரண்டிலும் பூசி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட்டு, பிறகு அழுத்திக் கட்டி ஒருநாள் முழுவதும் விட வேண்டும். அதன்பின் ஓரத்தையல்.

ஒருமுறை கடுமையாக விழுந்திருந்தால் இன்சோலை எடுத்துவிட்டுக் கணுக்காலின் கெட்டிக் கிண்ணத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்போ, பள்ளமோ, முன்பு இல்லாத மென்மையோ தட்டுப்பட்டால், தோல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தச் சப்பாத்தை இனி வண்டிக்குப் போடாதீர்கள். தோட்ட வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுத்தட்டு உதிரத் தொடங்கியதற்கு ஒட்டுவேலை எதுவும் இல்லை, அதை முற்றாகச் சுரண்டி எடுத்துவிட்டு இறப்பர் அடி போடுவதே ஒரே வழி. எனது அந்தச் சோடிக்கு வவுனியா முதியவர் செய்தது அதைத்தான்: நுரை முழுவதையும் கத்தியால் வழித்தெடுத்து, தடித்த இறப்பர்த் தட்டு இரண்டை ஒட்டி, சுற்றிவர இரட்டை நூலால் தைத்துக் கொடுத்தார். முன்னிருந்ததைவிடச் சற்றுப் பாரம். இப்போது அதற்கு மூன்றாவது மாரி. கடந்த கிழமை நாடாவை மட்டும் மாற்றியிருக்கிறேன்.